உங்கள் மருமகளை ஓடாதே என்று சொல்லப் போன விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவோடும் கொஞ்சம் படபடப்போடும் எழுதுவது.

முதலில் நலம் விசாரித்துவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். தங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு படிக்கவும். சம்பந்தியம்மாவின் தோள்பட்டை வலி தேவலையா? மாப்பிள்ளை மருந்துக் கடையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? இங்கே நான் நலம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, காலையிலிருந்து இந்த விடுதி அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நான் நடக்கிற நடைக்குத் தரை தேயாமல் இருப்பதே பெரிது. கீழ் அறைக்காரர் ஏற்கெனவே ஒருமுறை படியேறி வந்து, "சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா, ரொம்ப நேரமாத் தேடறீங்களே?" என்று கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லணுங்க, அதுதான் வர மாட்டேங்குது" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கதவைத் தானே மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தங்கள் கூடத்தில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் நாம் இருவரும் பேசி முடித்தது நினைவிருக்கும். "கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆச்சு. வருஷத்துல பாதி நாள் பெட்டியும் கையுமா ஊர் ஊராப் போறா. மீதி நாள் முட்டிக்கு ஐஸ் வெச்சுக்கிட்டு உக்கார்றா. இந்த சர்வதேசப் போட்டியோட போதும்னு நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா மாமனார் கொடுமைன்னு ஆயிடும். நீங்க சொன்னா பெத்தவன் பாசம்னு ஆயிடும்" என்றீர்கள். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. சம்பந்தி வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது யார் எதைச் சொன்னாலும் எனக்கு நியாயமாகத்தான் படும், அது வேறு விஷயம். ஆனால் மனதாரச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை உள்ளுக்குள் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் முதல்முதலாக அந்தத் தடைக் கட்டையைத் தாண்டிய நாளிலிருந்து எப்போது விழுவாளோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆயுசு முழுக்கத் தீ பாதுகாப்பு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். அந்த வேலை என்ன? கட்டிடம் கட்டிடமாகப் போய், நடைவழியில் நாற்காலி போடாதே, படிக்கட்டில் பெட்டி அடுக்காதே, மனுஷன் ஓடுகிற பாதையில் ஒரு துரும்புகூடக் கிடக்கக்கூடாது என்று தொண்டை வறளக் கத்துவது. அப்பேர்ப்பட்டவனுக்கு வந்து பிறந்ததைப் பாருங்கள்! ஓடுகிற பாதையில் வேண்டுமென்றே பத்துத் தடைகளை வரிசையாக நிறுத்தி, அதன்மேல் பாய்ந்து பாய்ந்து போவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் "சரி சம்பந்தி, நான் சொல்லிடறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். சொன்னதும் போன் பண்ணட்டுமா என்று கேட்டதற்கு, பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலை நரைத்தவர் அல்லவா நீங்கள், "முக்கியமான சங்கதியெல்லாம் எழுத்துல வரணும். போன்ல பேசறது காத்தோட போயிடும்" என்றீர்கள். ஆகவே நடந்ததை எழுத்தில் தருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், மேஜைக்கு ஒரு கால் குட்டை.

நான் வந்து இறங்கியது நேற்றுக் காலையில், இறுதிப் போட்டியன்று. அரையிறுதி முந்தின நாளே முடிந்து, உலகத்திலிருந்து வந்து குவிந்த அத்தனை பெண்களில் எட்டுப் பேர் இறுதிக்குத் தேறியிருந்தார்கள். அந்த எட்டில் ஒருத்தி தங்கள் மருமகள். அவள் இதுவரை இந்த அளவுப் போட்டியில் இறுதிக்குப் போனதே இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து நேரே வீராங்கனைகள் தங்கும் விடுதிக்குப் போனேன். பார்வையாளர் அறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், பேசினால் எதிரொலிக்கிற வெறும் சுவர். அவள் ஈரத்தலையும் ரப்பர் செருப்புமாக வந்தாள். இரண்டு முழங்காலிலும் நீலப் பட்டை ஒட்டியிருந்தது. ரயிலில் வரும்போதே வாசகத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். "அம்மாடி, ஓடினது போதும், இதோட நிறுத்திக்கோ." அவ்வளவுதான், வேறு ஒரு அட்சரம் கிடையாது. எதிர் சீட்டுக்காரரிடம் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். அவர் எங்கேயும் ஓடாதவர் போலிருக்கிறது, பயந்துபோய் வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.

"அம்மாடி, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"நல்ல விஷயமாப்பா, கெட்ட விஷயமா?"

"நடுத்தரமான விஷயம்."

"அப்ப ரேஸ் முடிஞ்சு சொல்லுங்க. இன்னிக்கு என் தலைக்குள்ள வேற எதுக்கும் இடமில்ல" என்று சொல்லிவிட்டு, என் சட்டைப் பையில் ஒரு டிக்கெட்டைச் சொருகினாள். "இதுல போட்டிருக்கற சீட்டுல போய் உக்காருங்க. எழுந்திருக்காதீங்க. முக்கியமா, எதையும் சோதனை பண்ணாதீங்க. ப்ளீஸ்ப்பா."

சம்பந்தி, சத்தியமாக நான் அந்த சீட்டில் உட்காரத்தான் போனேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பதால் கொஞ்சம் முன்னதாகப் போனேன், அது ஒரு குற்றமா? போன இடத்தில், ஸ்டேடியத்தின் பின்பக்கம் அவசர வழி என்று பச்சை விளக்கு எரிகிற கதவுக்கு எதிரிலேயே தண்ணீர் பாட்டில் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள்! ஆயிரக்கணக்கான ஜனம் வரப்போகிற இடம். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "யாருய்யா இதை இங்க வெச்சது? நெருப்புப் பிடிச்சா ஜனங்க தண்ணி குடிச்சிட்டா சாவாங்க?" என்று ஒரு குரல் கொடுத்தேன். பழைய குரல் சம்பந்தி, ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் யாரும் மதிக்காத அதே குரல். அங்கே நின்ற நாலைந்து தொண்டர்கள் பேச்சு மூச்சு இல்லாமல் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் கோட்டு போட்ட பெண் ஒருத்தி கையில் வாக்கிடாக்கியோடு ஓடி வந்து, "ஆய்வாளர் ஒருத்தர் வருவார்னு சொன்னாங்க. நீங்க ஆய்வாளருங்களா சார்?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவரா என்று அவள் கேட்கவில்லை, நானும் அதை வற்புறுத்தவில்லை. உடனே எனக்கும் ஒரு மஞ்சள் கோட்டு மாட்டிவிட்டு, "உள்ளயும் ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்று கதவு கதவாகத் திறந்துவிட்டுக்கொண்டே போனாள்.

இப்படிப் போய்க்கொண்டே இருந்ததில், ஸ்டேடியத்தை ஒட்டி இருக்கிற பயிற்சி மைதானத்துக்கு வந்து சேர்ந்தேன். பந்தயத்துக்கு முன்னால் உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ளும் இடமாம். அங்கே ஒரு இரும்பு கேட், அதன்மேல் அதே பச்சை விளக்கு. கேட்டைத் திறந்தால் எதிரே, வழியை மறித்தாற்போல், வரிசை வரிசையாகக் கட்டைகள்! அவசரத்தில் ஓடி வருகிறவன் முழங்கால் என்ன ஆவது? "இதையெல்லாம் எடுங்க" என்றேன். "சார், இது வந்து..." என்று ஒரு பையன் இழுத்தான். "வந்துமில்ல, போயுமில்ல. வழியில எதுவும் இருக்கக்கூடாது" என்றேன். பத்து நிமிஷம். அத்தனையையும் தூக்கிக்கொண்டுபோய்ச் சாமான் அறையில் அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். மஞ்சள் கோட்டுப் பெண் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள். காலியாக, துடைத்துவிட்டாற்போல் கிடந்த அந்த ஓடுபாதையைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவை என்ன கட்டைகள் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை சம்பந்தி! பெற்ற பெண் இத்தனை வருஷமாகத் தாண்டுகிற சாமானை, வழியில் கிடந்தால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்போதுதான் எதிர்ப்பக்கக் கதவு திறந்து எட்டுப் பெண்களும் வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தடைதாண்டும் ஓட்டத்து இறுதிப் போட்டிக்கு உடம்பைத் தயார் பண்ண வந்தவர்களுக்குத் தாண்டுவதற்கு ஒரு தடைகூட இல்லை. ஆளாளுக்குக் கையை விரிக்கிறார்கள், பயிற்சியாளர்கள் கத்துகிறார்கள், யாரோ யாரையோ கூப்பிட ஓடுகிறார்கள். அந்தக் களேபரத்தின் நடுவில் ஒரே ஒரு குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது, "எங்கப்பா இங்க எங்கயாவது இருக்காரா பாருங்க."

நான் ஒரு கம்பத்துக்குப் பின்னால் நகர்ந்தேன். மஞ்சள் கோட்டோடு எந்தக் கம்பத்துக்குப் பின்னாலும் ஒளிய முடியாது என்பதை நேற்றுத்தான் கண்டேன். அவளுடைய கோச்சம்மா இருக்கிறாரே, கழுத்தில் விசில் தொங்க, பார்வையாலேயே ஆளைப் பொசுக்குகிறவர், நேரே என் முன்னால் வந்து நின்றார். "நீங்களா?" என்றார். அந்த ஒற்றை வார்த்தையில் என் சர்வீஸ் பூராவும் போயிற்று.

சாவியைத் தேடி மஞ்சள் கோட்டுப் பெண்ணைப் பிடித்து, அறையைத் திறந்து, என் முதுகிலும் தோளிலுமாக நானே கட்டைகளைச் சுமந்து வந்தேன். இந்த வயதில் எனக்கு அது தேவையா என்று கேட்காதீர்கள், தேவைதான். தரையில் அடையாளம் போட்டிருந்ததால் இடம் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு இரும்புக் கால்கள் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓடி வருகிற பெண்ணின் பக்கம் அது நீட்டிக்கொண்டிருந்தால் காலில் இடறாதா? பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே! அதனால் தங்கள் மருமகள் ஓடுகிற வரிசையில் மட்டும், பெற்ற பாசத்தில், கட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். கால்கள் அந்தப் பக்கம், என் பெண் இந்தப் பக்கம். வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

கோச்சம்மா விசிலை ஊதினார் பாருங்கள், மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். "யார் இத திருப்பி வெச்சது? ஐயா, நீங்களா? மறுபடியும் நீங்களா? கால் இந்தப் பக்கம் இருந்தாத்தான் இடிச்சா கட்டை முன்னால சாயும். திருப்பி வெச்சா சாயாதுங்க, சுவர் மாதிரி நிக்கும். உங்க பொண்ணு முட்டி உடைஞ்சிருக்கும். அது விழறதுக்காகவே செஞ்ச சாமான்யா!"

என் பெண் விழக்கூடாது என்று நான் செய்த ஒரே காரியம், அவளை ஆயுசுக்கும் முடமாக்கியிருக்கும். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன். கோச்சம்மாவும் ஒரு பையனும் வரிசையாகத் திருப்பி வைத்துக்கொண்டே போனார்கள். தங்கள் மருமகள் வந்து என் எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "எழுந்திருங்கப்பா, டிராக்ல உக்காரக்கூடாது" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் என்னை வேலியோரம் நிறுத்திவிட்டு அவள் நாலைந்து தடைகளைத் தாண்டிப் பார்த்தாள். சம்பந்தி, நாம் இரண்டு பேரும் இதை டிவியில்தான் பார்த்திருக்கிறோம். அதில் ஏதோ ஆடுவது போல இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் அது வேறு. மூச்சு கேட்கிறது. ஒரு பாய்ச்சல், உடனே தட் தட் தட் என்று மூன்று எட்டு, மறுபடி பாய்ச்சல். கட்டைக்கும் அவள் தொடைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. நான் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டேன், அவள் ஒரு தடவைகூடக் கட்டையைப் பார்க்கவில்லை. திரும்பி நடந்து வரும்போது, "என்னம்மா, கட்டையைப் பாக்கவே மாட்டேங்கறியே!" என்றேன். "தாண்டறது பெரிசில்லப்பா. நடுவுல அந்த மூணு எட்டு இருக்கே, அதுல கொஞ்சம் பிசகினா அவ்வளவுதான். அதுக்குத்தான் இத்தன வருஷம்" என்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்த தெளிவை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். போகிற போக்கில் திரும்பி, "ஏதோ சொல்லணும்னீங்களே, என்னப்பா?" என்று கேட்டாள். கேட்டே விட்டாள்! வாசகம் நாக்கு நுனியில் இருந்தது. "ஷூ லேஸைச் சரியாக் கட்டினியா?" என்றேன்.

இருங்கள், வராந்தாவில் காலடிச் சத்தம்... இல்லை, அறை துடைக்கிற அம்மாள். தங்கள் மருமகள் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு மதியம்தான் வருவாள் என்று தெரிந்தும் எனக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிப் போடுகிறது.

மஞ்சள் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு என்னை என் சீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் அந்த வாக்கிடாக்கிப் பெண் நகர்ந்தாள். பக்கத்து சீட்டில் ஒரு பருத்த மனிதர் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நிம்மதியாகச் சாய்ந்திருந்தார். ஓடப்போகிறவர்களில் ஒருத்தி என் பெண் என்று உட்கார்ந்ததுமே அவரிடம் சொல்லிவிட்டேன். எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். ஓரத்திலிருந்து இரண்டாவது பாதையில் தங்கள் மருமகள். குனிந்து, கிளம்புகிற இடத்துச் சின்னக் கட்டையில் காலை வைத்தார்கள். துப்பாக்கி வெடித்தது. உடனே இன்னொரு தடவை வெடித்தது. ஒரு பெண் முன்னாலேயே கிளம்பிவிட்டாளாம், அவளை வெளியே அனுப்பினார்கள். அழுதுகொண்டே போனாள், பாவம், யார் பெற்ற பெண்ணோ. மீதி ஏழு பேர் மறுபடி முதலிலிருந்து. என் இதயம் இருக்கிறதே, அது முதல் வெடிக்கே பாதி தூரம் ஓடிவிட்டது, அதைத் திருப்பிக் கூட்டி வருவது பெரும்பாடாகிவிட்டது. "சார், தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் வேர்க்கடலைக்காரர். "பேசாதீங்க!" என்றேன்.

மறுபடி துப்பாக்கி வெடித்ததும் கிளம்பிவிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் வந்து, அத்தனை அமளியும் பண்ணிவிட்டு, பந்தயம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன். பாதிக்கு மேல் போனதும் வேர்க்கடலைக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "சார், ரெண்டாவது லேன் உங்க பொண்ணா? பாருங்க சார், மூணாவது வரா!" என்று அலறினார். திறந்து பார்த்தேன். மூன்றாவதுதான்! இரண்டு பேர் முன்னால், இவளும் இவளுக்கு அடுத்த பாதைக்காரியும் ஒட்டினாற்போல். நான் எழுந்து நின்றேன், சீட்டின்மேல் ஏறி நின்றேன், அது விதிமீறல் என்று தெரிந்தே ஏறி நின்றேன். கடைசித் தடை. பின்னங்கால் லேசாகத் தட்டியது. கட்டை முன்னால் சாய்ந்தது. அவள் விழவில்லை, அரை மூச்சு தடுமாறினாள், அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒன்றாக மார்பை நீட்டிக் கோட்டைக் கடந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. போட்டோ பார்த்துச் சொல்வார்களாம். ஓடியதற்குப் பதின்மூன்று விநாடிகூட ஆகவில்லை, பார்த்துச் சொல்வதற்கு ஒரு யுகம். பலகையில் முதல் பெயர் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது இடத்தில் வெறும் கறுப்பு. கீழே அந்த இரண்டு பெண்களும் இடுப்பில் கை வைத்து, ஒருத்தி பக்கத்தில் ஒருத்தி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேர்க்கடலைக்காரர் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய உள்ளங்கை உப்பாக இருந்தது, என்னுடையது ஈரமாக இருந்தது.

நான்காவது, சம்பந்தி. விநாடியை ஆயிரமாகக் கூறு போட்டால் அதில் ஏதோ சில கூறு. தங்கள் மருமகள் உலகத்தில் நான்காவது. மூன்றாவதுக்குப் பதக்கம், மேடை, பாட்டு எல்லாம் உண்டு. நான்காவதுக்கு ஒரு பையன் வந்து எண் ஒட்டிய காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகிறான். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் தீப்பிடிக்கும். அவள் ஆத்திரப்படவில்லை. ஜெயித்த பெண்ணை இழுத்துக் கட்டிக்கொண்டாள், மூன்றாவது வந்தவள் முதுகில் தட்டினாள்.

வெளியே வரும் நடைவழியில் காத்திருந்தேன். தோளில் பையோடு வந்தாள். இதுதான் சமயம், இப்போது சொல்லிவிட்டால் ஆறுதலும் ஆயிற்று, காரியமும் ஆயிற்று என்று தொண்டையைச் செருமினேன். "பசிக்குதுப்பா" என்றாள். உடனே கூட்டிக்கொண்டு போனேன். எதிரில் இருந்த சின்னக் கடையில் ரொட்டியும் ஆம்லெட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஜெயித்த பெண்ணின் ஷூவைப் பற்றிப் பேசினாள், மாப்பிள்ளை கடைக்கு வெள்ளை அடித்தாரா என்று கேட்டாள், கோச்சம்மாவிடம் நான் வாங்கிய திட்டை நடித்துக் காட்டிச் சிரித்தாள். கவலையே இல்லை, மனசு கல்லு மாதிரி. எனக்கே ஆச்சரியம். அப்படிச் சிரிக்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஆம்லெட்டோடு சேர்த்து வாசகத்தையும் மென்று விழுங்கிவிட்டேன்.

ஆனால் தாங்கள் கவலைப்பட வேண்டாம். வாக்கு வாக்குதான். மதியம் அவள் வந்ததும் கதவைத் தாழிட்டுவிட்டு, நிற்க வைத்து, ஒரே மூச்சில் சொல்லிவிடப் போகிறேன். அந்த மூன்று எட்டுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நேற்றிலிருந்து என் மனசு குடைந்துகொண்டே இருக்கிறது, அது என் சொந்தப் பலவீனம், அதைத் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்காவது வந்தவள் அடுத்த தடவை மூன்றாவது வர மாட்டாளா என்று கேட்டால், வரலாம், வராமலும் போகலாம், நமக்கு எதற்கு? வீடு இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறார், முட்டி இருக்கிறது. தாங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். நான் அதை இங்கே, தங்கள் சோபாவில் உட்காராமலேயே ஒப்புக்கொள்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், தோளுக்கு எண்ணெய் தடவச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் மனமார்ந்த ஆசிகள், எல்லா நலனும் பெற்று நீடூழி வாழட்டும். தங்கள் குடும்பத்தின் சொல்லை என்றும் தட்டாத,

தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையையும் ரத்து செய்கிறேன். மதியம் அவள் வந்தாள். கதவைத் தாழிட்டேன், கண்ணை மூடிக்கொண்டேன், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "மாமா உங்கள அத சொல்லச் சொன்னது போன மாசம்ப்பா. நேத்து நாம சாப்பிட்டு வந்ததுமே அவரே எனக்கு போன் பண்ணிட்டாரே!" போன்! காற்றோடு போகிற அதே போன்! கடைசித் தடையில் கால் தட்டியதும் தாங்கள் டிவி முன்னால் எகிறிக் குதித்ததில் கணுக்கால் சுளுக்கிக் கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருக்கிறீர்களாம். படுத்தபடியே, "ஒரு மயிரிழைம்மா! இதை இப்படியே விட்டுட்டு வீட்டுக்கு வந்து என்ன பண்ணப் போறே? அடுத்த தடவை நான் கூட வரேன், உங்கப்பாவை உள்ள விட்டா ஆபத்து" என்றீர்களாம். அப்புறம் என்னை எதற்கையா இந்தப் பாடு படுத்தினீர்கள்? ஒரு வரி எனக்கும் சொல்லக்கூடாதா?

சரி, அதை விடுங்கள். "மாமாவோட ரொம்ப நேரம் பேசினியா?" என்று கேட்டேன். "பேசலப்பா, அழுதேன். ரொம்ப நேரம். அவர் ஒண்ணுமே சொல்லாம, போனை வைக்காம இருந்தார்" என்றாள். "என்கிட்ட பசிக்குதுன்னுதானே சொன்னே?" என்றேன். "நான் அழுதா நீங்க தாங்க மாட்டீங்களேப்பா" என்றாள்.

சம்பந்தி, பெண்ணைக் கொடுக்கும்போது மாப்பிள்ளை எப்படி, வருமானம் எப்படி, வீட்டுக்கு எத்தனை வாசல் என்று ஊரெல்லாம் விசாரித்தேன். இதை விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் முடிந்துவிடும், ஆனால் பொறாமையாக இருக்கிறது, அதனால் எழுத மாட்டேன். அடுத்த தடவை அவள் அழுதால், பாதியில் என்னையும் கூப்பிடுங்கள். நானும் தாங்கிப் பழக வேண்டும்.